மறியலுக்குப் பாடம் எடுத்த போர்டு சார்

உலகத்திலேயே ஸ்டியரிங்கை ஒரு தடவைகூடத் தொடாமல் பஸ் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் போர்டு சார் ஒருவராகத்தான் இருப்பார். பாறசாலையில் நான் கண்டக்டராக இருந்த பஸ் கம்பெனியில், ஊழியர்களுக்குப் பாடம் எடுக்க முதலாளி அவரை வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்ற வாத்தியார். கரும்பலகையை மட்டும் அங்கேயே விட்டுவர மனசில்லை போலும்.

தினமும் காலையில் ஷெட்டில் வகுப்பு. பிரேக்கைப் படம் வரைந்து பாகம் குறிப்பார். ஹாரனுக்கே இரண்டு பாடம். மூத்த டிரைவர் தங்கையன் அண்ணன் சந்தேகம் கேட்டால், "அது அடுத்த பாடமாக்கும், இரியும்" என்பார்.

வகுப்பு விட்டதும் எதிர்ச் சாயாக்கடைக்கு ஓடுவோம். எஞ்சினை அணைத்துவிட்டு, இறக்கத்தில் சத்தமில்லாமல் வண்டியை உருட்டும் வித்தையைத் தங்கையன் அண்ணன் சொல்லித் தந்தது அங்கேதான், பழம்பொரியை மென்றுகொண்டே. சாருக்கு விஷயம் எட்டியது. மறுநாள் கரும்பலகையோடு சாயாக்கடைக்கே வந்துவிட்டார்.

"இனி இஞ்ச பேசியதுக்கும் அட்டெண்டன்ஸ் உண்டு மக்கா!"

அதற்குப் பிறகு சாயாக்கடையில் ஒருவனும் வாய் திறக்கவில்லை. தொழில் விஷயம் பேச பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டோம்.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம் அது. திருவிதாங்கூரில் இருந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஆங்காங்கே மறியல். எங்கள் பஸ்கள் நடுவழியில் நின்றன. முதலாளி கொதித்துப்போனார்.

"பாடம் படிச்சு என்ன பிரயோஜனம்? இன்னும் ஒரு வண்டி வழியில நிண்ணா போர்டும் வேண்டாம், சாரும் வேண்டாம்."

சாருக்கு முகம் செத்துவிட்டது. வீட்டில் தனிக்கட்டை; போய் உட்கார்ந்தால் பாடம் கேட்க ஆளில்லை. மறுநாள் போர்டோடு எங்கள் வண்டியிலேயே ஏறினார்.

உதியன்குளங்கரை தாண்டி ஓர் இறக்கத்தில் மறியல். சாலை நிறையக் கூட்டம். "எலே, வண்டி போவாது!" என்று சத்தம். தங்கையன் அண்ணன் எஞ்சினை அணைத்தார்.

சார் இறங்கி, கூட்டத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"எவன்லே உங்களுக்கு மறியல் படிப்பிச்சது? இப்பிடியா நிக்கியது? வளைவுல வாறவனுக்கு உங்க தலை தெரியுமாலே?"

போர்டை ஓர் ஆஞ்சிலி மரத்தில் சாய்த்து வரைய ஆரம்பித்தார். "இது ரோடு. இது வண்டி. எல்லாரும் இஞ்ச ஓரமா வந்து இரிங்க."

கூட்டத்தில் பாதிப் பேர் பள்ளியில் அவரிடம் அடி வாங்கியவர்கள். வாய் கோஷம் போட்டுக்கொண்டிருக்கும்போதே கால்கள் ஓரத்துக்கு வந்துவிட்டன. அவர்கள் வரிசையாக உட்கார, மீதிப் பேரும் உட்கார்ந்தார்கள்.

சாலை காலி. தங்கையன் அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார், பிரேக்கை விட்டார். சாயாக்கடைப் பாடத்தின்படி வண்டி மூச்சுக்காட்டாமல் உருண்டது. சார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் போர்டைத் தலையில் சுமந்து, வியர்க்க விறுவிறுக்க நடந்தே ஷெட்டுக்கு வந்தார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். "சாரே, என்னா தந்திரம்! சார் இஞ்சயேதான் இருக்கணும்."

சார் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"கிளாஸ் நடக்கும்போ வண்டிய எடுத்தது எவன்லே?"

தந்திரமாவது மண்ணாவது! மனுஷர் நிஜமாகவே பாடம்தான் எடுத்திருக்கிறார். தங்கையன் அண்ணனுக்கும் எனக்கும் 'ஆப்சென்ட்' விழுந்தது.

மறுநாள் காலை யாரும் கூப்பிடாமலே எல்லோரும் ஷெட்டில் முன்வரிசைக்கு முண்டியடித்தோம். மறுபடியும் ஹாரன் பாடம். வழக்கம்போல ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்ததே, அது போதும் என்றிருந்தது எங்களுக்கு.