சத்தமில்லாத குடும்பம் தேவை

உலகில் வீடு கட்டியவர்கள் பலர் உண்டு. அதை வாடகைக்கு விட்டு மனித குலத்தையே திருத்தியவர்கள் எங்கள் நகரத்து வீட்டு உரிமையாளர்கள் மட்டும்தான். ஆதாரத்தோடுதான் சொல்கிறேன். உள்ளூர் நாளிதழில் 'வாடகைக்கு' விளம்பரங்களை எழுதிக்கொடுப்பவன் நான். 'காற்றோட்டமான வீடு' என்றால் ஜன்னலுக்குக் கதவு கிடையாது. 'எல்லா வசதிகளும் அருகில்' என்றால் வீட்டுக்குள் ஒன்றும் கிடையாது. இவற்றைக் கண்ணியமான தமிழில் வார்த்தெடுப்பதே என் தொண்டு.

அப்படிப்பட்ட எனக்கே வீடு கிடைக்கவில்லை என்றால் நம்புவீர்களா? நாங்கள் குடியிருந்த வீட்டை அதன் உரிமையாளர் தன் மகளுக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். என் சம்பளத்துக்குள் அடங்கும் வீடுகளை எல்லாம் ஏறி இறங்கினோம். போன இடமெல்லாம் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் வயிற்றைப் பார்த்தார்கள். உடனே, வீடு 'இப்பத்தான்' போய்விட்டது என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு எழுந்தருளினார். ஆரம்பப் பள்ளியில் காலமெல்லாம் பணியாற்றி, 'குழந்தைகளின் தோழர்' என்று பட்டம் வாங்கியவர். தம் வீட்டு மாடிக்கு ஒரே வரியில் விளம்பரம் கேட்டார்: 'சத்தமில்லாத குடும்பம் தேவை.' வாடகையைச் சொன்னதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்குக் கட்டுப்படியாகும் வாடகை! விளம்பரத்தை அச்சுக்கு அனுப்பாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அன்று மாலையே மனைவியோடு அவர் வாசலில் போய் நின்றேன். பத்திரிகை தர்மம் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

அவர் ஒரு 'தேர்வு' வைத்திருந்தார். வீடு கேட்டு வருபவர்கள் காலி மாடியில் அரை மணி நேரம் 'குடித்தனம்' நடத்திக் காட்ட வேண்டும். அவர் கீழே நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு காதால் மதிப்பெண் போடுவார். எவ்வளவு விஞ்ஞானபூர்வமான ஏற்பாடு! நடந்தோம். குழாயைத் திறந்து மூடினோம். கதவைச் சாத்தினோம். குடித்தனம் என்றால் சண்டை இல்லாமலா?

"எல்லாம் உங்களால வந்த கூத்து," என்றாள் அவள்.

"மெதுவா திட்டு, மார்க் போயிடும்," என்றேன்.

கீழே வந்ததும் அவர் கண்ணைத் திறந்தார்.

"நடை அருமை. குழாயும் பரவாயில்ல. நடுவுல ஒரு தும்மல் கேட்டுச்சே?"

"நான்தான் சார். தூசி."

"இனிமே துண்டை வச்சுத் தும்முங்க. மத்தபடி எனக்குப் பரம திருப்தி." அப்புறம் அவர் பார்வை என் மனைவியின் வயிற்றில் வந்து நின்றது. "இது?"

"குழந்தை சார்."

"குழந்தைன்னா எனக்கு உயிர் தம்பி!" என்று சுவரைக் காட்டினார். சுவர் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளின் படங்கள். அந்தப் பிள்ளைகளில் ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. "ஆனா, அழுமா?"

"அழும்னுதான் நினைக்கிறோம்."

"குழந்தை அழுதா எனக்கு மனசு தாங்காது. அதனால சொல்றேன். மூணு வயசு வரைக்கும் உங்க அம்மா வீட்டுல வளரட்டும்மா. நீங்க ரெண்டு பேரும் இங்க நிம்மதியா இருங்க."

"வேற வீடு பாப்போங்க," என்றாள் மனைவி என்னிடம்.

வேறு வீடு இல்லை என்பது விளம்பரம் எழுதுகிற எனக்குத் தெரியாதா? "சரிங்க சார்" என்றது நான்தான்.

மகள் பிறந்தாள். வெளியூரில் மாமியார் வீட்டில் அமோகமாகச் சத்தம் போட்டு வளர்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறோம். இப்போதெல்லாம் பெற்ற அம்மா தூக்கினாலே அழுகிறாள், யாரோ புது ஆள் என்று. திரும்பி வரும்போது என் மனைவி பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

போன வாரம் தலைமையாசிரியரே மாடியேறி வந்தார். கையில் வண்ணத்தாள் சுற்றிய பொட்டலம்.

"குழந்தைக்கு என்னோட சின்ன அன்பளிப்பு."

பிரித்தேன். கிலுகிலுப்பை. ஆட்டிப் பார்த்தேன். சத்தமே வரவில்லை.

"உள்ள இருந்த மணியெல்லாம் நானே உக்காந்து எடுத்துட்டேன் தம்பி," என்றார் கனிவாக. "என்னைக்காவது இங்க கூட்டிட்டு வந்தா உதவும் பாருங்க."

என் மனைவி அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். "நீங்க பிறந்து அழுதப்ப உங்க ஹவுஸ் ஓனர் என்ன சார் சொன்னார்?"

அவர் கோபப்படவில்லை. பெரிய மனிதர் அல்லவா!

"எங்களுது அப்பவே சொந்த வீடும்மா," என்றார்.

பொய் பேசத் தெரியாத உத்தமர். எங்கள் நகரத்தில் பிறந்ததும் அழ வேண்டுமானால், முதலில் சொந்த வீடு வேண்டும்.