படம் பார்க்காத பூமாலை

இந்திப் படம் பார்க்கிறவர்கள் ஒரு வகை. அவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. பார்ப்பார்கள், பாட்டை முணுமுணுப்பார்கள், மறந்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது வேறொரு வகையை. இவர்கள் இந்திப் படத்தைப் பார்க்க மாட்டார்கள். படிப்பார்கள். நடிகரின் வாழ்க்கை வரலாறு, நடிகையின் தன்வரலாறு, அந்தத் தன்வரலாறு முழுப்பொய் என்று அவருடைய ஒப்பனைக்காரர் எழுதிய புத்தகம், ஒப்பனைக்காரருக்கு ஞாபகமறதி ஜாஸ்தி என்று தயாரிப்பாளரின் மைத்துனர் எழுதிய புத்தகம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்த அத்தனையையும் வாங்கி, அடிக்கோடு போட்டு, மும்பையில் எந்த பங்களாவில் எந்த ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்பதுவரை தெரிந்துகொண்டு, ஒரே ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்க்காமல் நிறைவாக வாழ்கிறவர்கள். இந்தி தெரியுமா? "பானி" தெரியும். போதாதா?

சின்னசேலத்தில் உரக்கடை வைத்திருக்கும் பூமாலை இந்த வகையில் முதல் தரம். கடையில் யூரியா மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கும் மர அலமாரி ஒருகாலத்தில் பூச்சிமருந்துக்காகச் செய்தது. இப்போது அதில் நட்சத்திரங்கள் குடியிருக்கிறார்கள். பூச்சிமருந்து தரைக்கு வந்துவிட்டது.

"மக்காச்சோளத்துல குருத்தெல்லாம் புழு ஓட்ட போட்டுக்கினு போவுது. இன்னா மருந்துங்க அடிக்கறது?" என்று கேட்டு ஒரு விவசாயி வருவார்.

"சொல்றேன், ஒக்காருங்க. தில்ராஜ் இருக்காரே, அவருக்கு ஆயுசு பூரா சரியான தூக்கமே கெடையாது, தெரியுமா?"

"எந்த ஊருங்க அவரு?"

"பம்பாய்."

"அங்கியும் புழுதானா?"

கடைசியில் மருந்து கிடைத்துவிடும். ஆனால் நடிகர் தில்ராஜின் முதல் மனைவி எதற்காகப் பிறந்த வீட்டுக்குப் போனாள் என்பதையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும்.

குடும்பத்தோடு கல்வராயன் மலைக்குப் போனால் எல்லாரும் அருவியைப் பார்ப்பார்கள். பூமாலை அருவியைப் பார்த்துவிட்டு, "இப்பிடி ஒரு அருவியிலதான் நடிகை ஷாலினி பானுவுக்கு ஜுரம் கண்டுச்சி" என்று பெருமூச்சு விடுவார். மனைவி ராணியம்மாள் துண்டை நீட்டுவார். வீட்டில் தொலைக்காட்சியில் தில்ராஜின் படமே ஓடினாலும் பூமாலை தலை நிமிர மாட்டார். "சத்தத்தக் கம்மி பண்ணு. அவரப் பத்திதான் படிச்சிக்கினு இருக்கேன்" என்பார்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். ஆனால் அவருக்கு மலர்விழி என்று ஒரு மகள் இருக்கிறாள். கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவளைப் பெண் பார்க்க நைனார்பாளையத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளை இளஞ்செழியன் புனேயில் வேலை பார்க்கிறவன். அவனும் மலர்விழியும் சேலத்தில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள், ஒருவருக்கு ஒருவர் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டவர்கள். இது இரண்டு அம்மாக்களுக்கும் தெரியும். அப்பாக்களுக்குத் தெரியாது. அப்பாக்களுக்குத் தெரிவதற்கு வேறு விஷயங்கள் இருந்தன.

மாப்பிள்ளையின் அப்பா சுப்புராயன் உள்ளே வந்ததும் சுவரோரம் அடுக்கியிருந்த புத்தகங்களைப் பார்த்தார். கண் விரிந்தது. அவரும் அதே வகை. முதல் அரை மணி நேரம் இருவரும் பெண்ணையும் பார்க்கவில்லை, பையனையும் பார்க்கவில்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் தன்னைப்போல் இன்னொருவன் இருப்பான் என்று இருவருமே நினைத்ததில்லை. சம்பந்தம் அப்போதே முடிவாகிவிட்டதாக நினைத்து அம்மாக்கள் கேசரியை எடுத்துவைக்கப் போனார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சுப்புராயன், "ஷாலினி பானு கல்யாணத்தன்னிக்கி பங்களா கேட்டாண்ட மழையில விடியவிடிய நின்னாரே கிரண்சந்தர், அதாங்க காதல்" என்றார்.

பூமாலையின் முகம் மாறியது.

"நின்னது தில்ராஜுங்க."

"தில்ராஜ் அன்னிக்கி ஓட்டல்ல சீட்டாடிக்கினு இருந்தாருங்க."

"யாரு சொன்னது? நீங்க படிச்சது கெட்டி அட்டையா, சாதா அட்டையா?"

மனிதனை எதை வேண்டுமானாலும் கேட்கலாம். இதைக் கேட்கலாமா? சுப்புராயன் எழுந்துவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டே, "மாசாமாசம் ஒருத்தியோட சுத்தன ஆளுக்குப் பரிஞ்சிக்கினு பேசறவரு வூட்டுல பொண்ணெடுக்க எனக்கு மனசில்ல" என்றார். கேசரித் தட்டோடு நின்ற ராணியம்மாளை மாப்பிள்ளையின் அம்மா லட்சுமியம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கணவன் பின்னால் போனார். இளஞ்செழியன் கடைசியாகப் போனான்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோனது. பூமாலைக்கு மட்டும் நிற்கவில்லை. "நல்லவேளயா இப்பவே குணம் தெரிஞ்சிபோச்சி. அந்தப் பொண்ண அழவெச்சவன நல்லவன்னு சொல்ற மனுசன் வூட்டுல நம்ம பொண்ணு எப்பிடி இருப்பா?" என்று ஆதாரப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மலர்விழி வாசலிலிருந்து திரும்பி வந்தாள்.

"எந்தப் பொண்ணுப்பா?"

"ஷாலினி பானும்மா. எவ்ளோ அழுதுது தெரியுமா? இதோ, பக்கத்தோட இருக்குது."

"அது அழுதது ஒங்களுக்குப் பக்கத்தோட தெரியுது. நான் அன்னிலேருந்து அழுதுக்கினு இருக்கறது இந்த வூட்டுல ஒங்களுக்குத் தவுர எல்லாருக்கும் தெரியுது."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பூமாலை ராணியம்மாளைப் பார்த்தார். ராணியம்மாள், "கேட்டீங்களா? அவ மனசுல அந்தப் புள்ள இருக்கறது எனக்கு நாலு வருசமாத் தெரியும்" என்றார். மகளின் மனதில் ஒருவன் நாலு வருடமாக இருந்திருக்கிறான். அதைப் பற்றி ஒரு வரிகூடத் தான் படிக்கவில்லை என்பது பூமாலைக்கு அப்போதுதான் உறைத்தது. புத்தகத்தை மூடினார். அன்று கடையைத் திறக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நைனார்பாளையம் பஸ்ஸில் ஏறினார்.

அங்கே சுப்புராயன் வீட்டிலும் நிலைமை சுகமாக இல்லை. மகன் சாப்பிடுவதில்லை, மனைவி பரிமாறுவதில்லை. பூமாலையைக் கண்டதும் சுப்புராயன் நாற்காலியை இழுத்துப் போட்டார். இருவரும் வெகுநேரம் மரவள்ளிக் கிழங்கின் விலையைப் பேசினார்கள். பிறகு பூமாலை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் ரோசன பண்ணிப் பாத்தேங்க. அன்னிக்கி மழையில நின்னது ஒங்க ஆளுன்னே வெச்சிக்கலாம்."

சாதாரணத் தியாகமா இது? சுப்புராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பெரிய மனிதரிடம் தோற்காமல் இருக்க என்ன வழி என்று அவரும் யோசித்தார்.

"அதெல்லாம் வேணாங்க. அன்னிக்கி மழையே பேயலன்னு வெச்சிக்கலாம்."

உள்ளேயிருந்து லட்சுமியம்மாள் காப்பி கொண்டுவந்தார். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

சந்தோஷத்தில் இளஞ்செழியன் ஒரு காரியம் செய்தான். தில்ராஜும் கிரண்சந்தரும் ஷாலினி பானுவும் சேர்ந்து நடித்த படத்தைத் தேடித் தொலைக்காட்சியில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வசனத்துக்கு வசனம் தமிழில் சொன்னான். இருவரும் முதன்முறையாகத் தங்கள் தெய்வங்களைப் பார்த்தார்கள். இடைவேளைக்குள் நெளிய ஆரம்பித்தார்கள்.

"தில்ராஜ் இன்னாங்க, இவ்ளோ குண்டா இருக்காரு?" என்றார் பூமாலை.

"நம்ம கிரண்சந்தர் மட்டும் இன்னா, நிக்கறதே சரியில்லீங்களே."

"அந்தம்மா சிரிச்சிக்கினே இருக்குது. அதுக்கு மனசுல எவ்ளோ கஷ்டம், கொஞ்சமாவது காட்ட வேணாமா?"

"படமெல்லாம் நமக்கு ஒத்துவராதுங்க. புத்தகத்துல இருக்கற உண்மை இதுல இல்ல."

அந்த ஒரு வாக்கியத்தில் சம்பந்தம் உறுதியானது. ஆவணியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்க, சம்பந்திகள் இருவரும் மண்டபத்தின் மூலையில் அடுத்து வரப்போகும் ஒரு தன்வரலாற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் பூமாலை எழுந்து வந்து மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் வேறெங்கும் போகவில்லை.

இப்படிப்பட்டவர்களைக் கண்டால் சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் கொஞ்சம் மெதுவாகச் சிரியுங்கள். நீங்கள் பூமாலையைப் பார்த்திருக்கிறீர்களா? அவர் கடையில் ஒரு மூட்டை உரமாவது வாங்கியிருக்கிறீர்களா? இல்லை. ஆனாலும் அவர் எப்பேர்ப்பட்டவர் என்று இந்நேரம் உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும். நாளைக்கே யாராவது, "அந்தாளுக்குப் பெண்மேல் பாசமே கிடையாது" என்றால், "அவரைப் பற்றி உமக்கென்ன தெரியும்?" என்று சண்டைக்குக்கூடப் போவீர்கள். போகும்போது, அத்தனையும் நீங்கள் படித்ததுதான் என்பதை மட்டும் வெளியே சொல்லிக்கொள்ளாதீர்கள்.