இஞ்ஞாசி அடிக்கும்போது பார்க்கக் கூடாது

"அண்ணை, கண்ணாடிப் பக்கம் திரும்பாதேங்கோ. உங்கடை மூக்கு இஞ்சாலை தெரியுது."

கடைக்குள்ளிருந்து டெனிஸ்டன் போட்ட சத்தத்தில் ஸ்ரனிஸ்லாஸ் மூக்கை ரூ பெர்தொனே தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. கையில் குடை இருந்தும் விரிக்க வழியில்லை. முந்தின கிழமை குடை விரித்த நேரம்தான் இஞ்ஞாசி அவுட்டானவன்.

உள்ளே தொலைக்காட்சியில் பேஸ்போல் நடக்கிறது. இஞ்ஞாசி மட்டையோடு நிற்கிறான். அவனுக்காக உயிரையே விடக்கூடிய ரசிகர் நனைந்தபடி வெளியில் நிற்கிறார். அவர் பார்த்தால் இஞ்ஞாசிக்கு அடி விழாது. இந்தச் சித்திரை மாதத்தில் அந்தக் கடையில் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே உண்மை அதுதான்.

திடீரென்று உள்ளே கூக்குரல் எழுந்தது. "வேலிக்கு வெளியாலை போட்டுது, அண்ணை."

"சந்தோசம் தம்பி," என்றார் ஸ்ரனிஸ்லாஸ், தெருவைப் பார்த்தபடியே.

டெனிஸ்டன் போன் திருத்துகிறவன். கடைச் சுவரில் ஒரு தொலைக்காட்சி. அதற்கு யாரோ கொடுத்த பெட்டி ஒன்று. அந்தப் பெட்டியில் கிரிக்கெட் வந்துகொண்டிருந்த சனல் ஒருநாள் செத்துப்போனது. அந்த இடத்தில், பின்னேரம் ஆறு மணிக்கு, இந்த அமெரிக்க விளையாட்டு வரத் தொடங்கியது. மட்டை இருக்கிறது, பந்து இருக்கிறது, மூன்று தரம் விட்டால் அவுட். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கடைக்காரர்கள் மனதைத் தேற்றிக்கொண்டார்கள்.

பக்கத்து நகைக்கடையில் வேலைசெய்யும் பாலச்சந்திரன்தான் ஆரம்பத்தில் ஒரு கேள்வி கேட்டார். "டேய் டெனிஸ், அமெரிக்காவிலை இப்ப மத்தியானம் எல்லே. மைதானத்திலை ஏன் லைற் எரியுது?"

"அவங்களுக்குக் கரண்ட் பில் ஒரு கவலையே? பேசாமல் பாருங்கோ."

அதோடு அந்தக் கேள்வி முடிந்தது.

இஞ்ஞாசியோ என்பது அந்த வீரனின் பெயர். ஏதோ ஒரு தீவில் பிறந்தவன். மட்டையைத் தூக்குமுன் நெற்றியில் சிலுவை போடுவான். மன்னாரில் ஞானஸ்நானம் பெற்ற ஸ்ரனிஸ்லாசுக்கு அதுவே போதுமாக இருந்தது. "எங்கடை இஞ்ஞாசியார்ரை பேர் வைச்ச பிள்ளை," என்று நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டார். அவர் இழுத்துப் போட்ட நாளிலிருந்து இஞ்ஞாசி அடித்ததே இல்லை.

பிறகு ஒருநாள், ஆட்டத்தின் நடுவில், மகள் ஆனைஸ் போன் எடுத்தாள். சத்தத்தில் கேட்காததால் வெளியில் போனார்.

"அப்பா, அம்மாவின்ரை வலது கை விரல் அசைஞ்சதாம். ராத்திரி வேலை செய்த மனிசி எழுதி வைச்சிருக்கு."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கடைக்குள்ளே கூரை பறக்கிற சத்தம். இஞ்ஞாசி அந்தப் பருவத்தின் முதல் அடியை அடித்துவிட்டான்.

ஸ்ரனிஸ்லாஸ் போனைக் காதில் வைத்தபடி மழையில் அப்படியே நின்றார். ஒரே நொடியில் அங்கே பந்து, இங்கே விரல்.

அவருடைய மனைவி பேர்ளி மாசி மாதம் குசினியில் விழுந்தவள். பாரிசவாதம். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. இப்போது பொபினியில் ஓர் ஆஸ்பத்திரியில், மேற்கூரையைப் பார்த்தபடி கிடக்கிறாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் புருசனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதற்கெடுத்தாலும் "விசர் மனிசன்" என்பாள். சோறு போட்டாலும் விசர் மனிசன், சம்பளம் கொண்டுவந்து கொடுத்தாலும் விசர் மனிசன். அந்த வசவை இன்னொரு தரம் கேட்டுவிட்டுச் செத்தாலும் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது.

அன்றைக்கே நேர்த்தி வைத்தார். இஞ்ஞாசி அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் பேர்ளிக்கு ஒரு சுகம் வரவேண்டும். அதற்காக இந்தப் பருவம் முழுக்க அவர் ஆட்டத்தைப் பார்க்கமாட்டார். நேர்த்தியை வெளியில் சொன்னால் பலிக்காது என்பது தெரிந்ததுதானே. ஆகவே ஒருத்தருக்கும் சொல்லவில்லை. கடைக்காரர்களுக்கு அவர் ராசியில்லாத ஆள். மகளுக்கோ, கட்டின பெண்சாதி படுக்கையில் கிடக்க மட்டையடிக்குப் பின்னால் திரிகிற அப்பா.

ரெஸ்ரோறன்ற் ஒன்றில் கோப்பை கழுவிவிட்டு ஐந்து மணிக்கு வெளியே வருவார். ஆறு மணிக்கு ஆட்டம். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் ஆட்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். இந்த விளையாட்டோ கிழமையில் ஆறு நாளும் நடக்கிறது.

"அப்பா, ஸே பா நோர்மால், இது சரியில்லை," என்றாள் ஆனைஸ். "நான் வேலை முடிச்சு ஒவ்வொரு நாளும் போறன். நீங்கள் கடை வாசலிலை நிக்கிறியள்."

"வேலை இருக்குப் பிள்ளை."

"என்ன வேலை? நிக்கிறதோ?"

உண்மையில் அவருக்கு நிற்கிறதுதான் வேலை.

மனம் கேட்காமல் ஒருநாள் ஆட்ட நேரத்தில் பொபினிக்குப் போனார். பேர்ளி அவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். விரல் கூட அசையவில்லை. வெளியே வந்து போனில் டெனிஸ்டனைக் கேட்டார்.

"மூண்டு தரமும் அவுட், அண்ணை. எங்கை போய்த் துலைஞ்சனியள்?"

அதற்குப் பிறகு ஆட்டமுள்ள நாளில் அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. போகாமல் இருப்பதுதான் அவளுக்கு மருந்து என்று நம்பினார். நம்பிக்கை என்று வந்துவிட்டால், பிள்ளையளே, புத்தி பின்னால் வால் மாதிரித்தான் வரும்.

ஆனியில் இஞ்ஞாசியின் அடி குறைந்தது. ஸ்ரனிஸ்லாஸ் பூசை ஒப்புக்கொடுக்கக் கோயிலுக்குப் போனார்.

"ஆருக்கு?" என்று பங்குச் சுவாமி கேட்டார்.

"இஞ்ஞாசி எண்டு ஒரு பெடியன், சுவாமி."

"சொந்தமோ?"

"நெருங்கின ஆள்."

"என்ன கருத்துக்கு?"

"கை நல்லா வரவேணும்."

ஞாயிற்றுக்கிழமை சுவாமி பீடத்தில் நின்று, கையில் சுகவீனமுற்று வருந்தும் சகோதரன் இஞ்ஞாசிக்காக மன்றாடுவோம் என்றார். கோயில் முழுக்க உருக்கமாக மன்றாடியது. அடுத்த ஆட்டத்தில் பந்து வந்து இஞ்ஞாசியின் மணிக்கட்டில் பட்டது. கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவன் விளையாடாத அந்த நாட்களில் பேர்ளியின் விரலும் அசையவே இல்லை. கோயில் வாசலில் சனம் மட்டும் விடவில்லை. "உங்கடை இஞ்ஞாசிக்குக் கை எப்பிடி?" என்று பார்க்கிற இடமெல்லாம் கேட்டது.

ஆவணியில் அவன் திரும்பி வந்தான். ஆனால் வாசலில் நின்றது இப்போது வேலைசெய்யவில்லை.

"சனியன் கிட்ட நிண்டால் என்ன, எட்ட நிண்டால் என்ன," என்று பாலச்சந்திரன் ஆராய்ந்தார். "கொஞ்சம் தள்ளி வைச்சுப் பாப்பம்."

எதிர்ப்பக்க நடைபாதையில் வைத்தார்கள். இஞ்ஞாசி ஓர் அடி அடித்தான். தெரு மூலையில் வைத்தார்கள். இரண்டு அடித்தான். லாசப்பல் மெட்ரோப் படிக்கட்டுக்கு அனுப்பினார்கள். பந்து வேலியைத் தாண்டியது. அதற்குப் பிறகு டெனிஸ்டன் போனில் ஆளை நகர்த்தத் தொடங்கினான்.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்?"

"கார் து நோர் ஸ்ரேசன் வாசலிலை."

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்கோ. அவன் தடுமாறுறான்."

"இஞ்சாலை ரயில்தான் தம்பி இருக்கு."

"அப்ப ஏறுங்கோ."

இப்படியாக அந்த மனிதர் புரட்டாதி முழுக்கத் தான் பார்க்காத ஒரு விளையாட்டுக்காகத் தனக்கு வேலையில்லாத ஊர்களில் நின்றார். இருமல் பிடித்தது. வேலையிடத்தில், இருமிக்கொண்டு கோப்பை கழுவ வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அதையும் அவர் நன்மைக்கே என்று எடுத்துக்கொண்டார். இனி இன்னும் தூரம் போகலாம்.

ஆனைஸ் மட்டும் ஆஸ்பத்திரிக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ராத்திரி விரல் அசைஞ்சதாம். ஆனால் பகலிலை டொக்டர் கேட்டால் ஒண்டும் செய்யமாட்டா. பகல் முழுக்க நித்திரை. அந்த ஆலீஸ், ராத்திரி வேலை செய்யிற மனிசி, அவதான் குழப்புறா. போனை அம்மாவின்ரை தண்ணிப் போத்திலிலை சாத்தி வைச்சு, விடிய விடிய ஏதோ அமெரிக்கா விளையாட்டுப் பாக்கிறாவாம்."

"மனிசியை நித்திரை கொள்ள விடச் சொல்லு," என்றார் ஸ்ரனிஸ்லாஸ் கோபமாக. "நோயாளிக்கு முன்னாலை என்ன கண்டறியாத விளையாட்டு."

ஐப்பசியில் இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. இஞ்ஞாசியின் அணி கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. வியாழக்கிழமை ஆட்டத்தில் தோற்றால் வீட்டுக்கு. அதே வியாழன் ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் டொக்டர் குடும்பத்தைக் கூப்பிட்டிருந்தார்.

"டொக்டர் கேக்கிறதுக்கு அம்மா மறுமொழியா கையை அசைக்கவேணும், இல்லாட்டி ஒரு சொல்லாவது சொல்லவேணும்," என்றாள் ஆனைஸ். "ரெண்டும் இல்லாட்டி அந்தக் கட்டில் வேறை ஆளுக்கு. அம்மாவைத் தெற்கிலை ஒரு இடத்துக்கு அனுப்பிவிடுவினம். ரயிலிலை அரைநாள். அங்கை போனவை திரும்பி வாறதில்லையாம் அப்பா. நீங்கள் வரவேணும்."

"பாப்பம்," என்றார்.

"பாக்கிறதோ?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை கடையில் கூடிப் பேசி, இதுவரை போகாத தூரமாக கூசேன்வில்லைத் தீர்மானித்தார்கள். ஸ்ரனிஸ்லாஸ் ரயிலில் ஏறி உட்கார்ந்தார். பொபினிக்குப் போனால் இஞ்ஞாசி அடிக்கமாட்டான், அவன் அடிக்காவிட்டால் அவள் விரலைத் தூக்கமாட்டாள். போகாவிட்டால், ஒருவேளை அவளைக் கடைசியாகப் பார்க்கிற நாளும் போய்விடும்.

சென்துனியில் கதவு திறந்தது. மூடப்போகிற நேரம் அவருடைய கால் அவரைக் கேட்காமல் இறங்கிவிட்டது. அங்கிருந்து பொபினிக்கு ட்ராம் பிடித்தார்.

அறைக் கதவில் ஒரு சிறு கண்ணாடி. பழக்கதோசத்தில் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உள்ளே டொக்டரம்மா கேட்டுக்கொண்டிருந்தது கேட்டது: கையை உயர்த்துங்கள், மதாம். கண்ணை மூடித் திறங்கள், மதாம். பதில் இல்லை.

ஆனைஸ் கதவைத் திறந்தாள். "அப்பா. உள்ளுக்கு வாங்கோ."

வந்தார். பின்பக்கமாக நடந்து வந்தார். கட்டிலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து ஒரு கதிரையில் உட்கார்ந்தார். டொக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார். அடுத்து யாரைச் சோதிக்கவேண்டும் என்று யோசிப்பவர்போல.

அவருடைய போன் அடித்தது. காது மந்தத்துக்காகச் சத்தத்தை உச்சத்தில் வைத்திருந்தார். அறை முழுக்க டெனிஸ்டன் பேசினான்.

"அண்ணை, கடைசிச் சந்தர்ப்பம். இஞ்ஞாசி வாறான். கூசேன்விலிலைதானே நிக்கிறியள்?"

"ஓம் தம்பி," என்றார் ஸ்ரனிஸ்லாஸ், பொபினிச் சுவரைப் பார்த்து.

"ஒண்டை விட்டிட்டான். ஐயோ, ரெண்டாவதும். இன்னும் ஒண்டு விட்டால் எல்லாம் முடிஞ்சுது."

ஸ்ரனிஸ்லாஸ் எழும்பினார். முகம் வெளுத்திருந்தது. கதவுப்பக்கம் நடக்க, ஆனைஸ் குறுக்கே நின்றாள்.

"விடு பிள்ளை. நான் இஞ்சை நிண்டால் அவன் அடிக்கமாட்டான்."

"அவன் அடிச்சால் என்ன, அடிக்காட்டி என்ன?"

"அவன் அடிக்கிற நாளிலைதான் அம்மாவுக்கு விரல் அசையுது." சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார். நிறுத்த முடியவில்லை. "முதல் நாளிலை இருந்து அப்பிடித்தான். அதுக்குத்தான் மழைக்கை நிண்டனான். அதுக்குத்தான் இஞ்சை வரேல்லை. ஆசையில்லாமல் இல்லை, பிள்ளை. வந்து நான் கெடுத்துப்போடக் கூடாதெண்டு…"

ஆனைஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டொக்டரம்மாவுக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் பேனாவைக் கீழே வைத்தார். போனில் டெனிஸ்டன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். "பந்தை எறியப்போறான், அண்ணை, எறியப்போறான்…"

அப்போது கட்டில் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. துருப்பிடித்த பூட்டைத் திறக்கிற மாதிரி, மாசிக்குப் பிறகு முதல் தடவையாக.

"விசர்… மனிசன். அவன்… ராத்திரியே அடிச்சிட்டான்."