தொட்டிக்குள் நான், வெளியே யானை

ஆம்பூரில் இருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் நதீம் அவர்களுக்கு, பென்னாகரத்திலிருந்து புளி வியாபாரி மஸ்தான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக. இங்கே உங்கள் தங்கை அமீனா சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுத வரவில்லை. போனில் சொன்னால் அமீனா காதில் விழும், அப்புறம் அவள் என்னை வாசலைத் தாண்ட விடமாட்டாள்.

விஷயம் இதுதான். காட்டோரம் வீரமணியின் தோட்டத்தில் புளி பார்க்கப் போயிருந்தேன். அவர் ஊரில் இல்லை, அவர் சம்சாரம் அமுதவல்லி மட்டும் மாடியில் ராகி காயவைத்துக்கொண்டிருந்தது. நான் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போகிறேன், மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கொம்பன் யானை என்னைப் பார்க்கிறது. எப்படி ஓடினேன், எங்கே ஓடினேன் எதுவும் நினைவில்லை மச்சான். நினைவு வந்தபோது தண்ணீர்த் தொட்டிக்குள் கழுத்தளவில் உட்கார்ந்திருக்கிறேன். காட்டில் குட்டையெல்லாம் வற்றிப் போய், அது தேடி வந்ததே அந்தத் தொட்டியைத்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

தும்பிக்கை உள்ளே வந்தது. என் தலையை மோந்து பார்த்தது. ஈரமான மூச்சு முகத்தில் பட்டதும் எனக்குக் கலிமாகூடப் பாதியில் நின்றுபோயிற்று. மாடியிலிருந்து அமுதவல்லி, "அண்ணா, நவுராதீங்க! அதுக்குத் தண்ணிதான் வேணும், நீங்க வேணாம்!" என்றது. அதை அதுகிட்டச் சொல்லும்மா என்று வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அது குடிக்கக் குடிக்க நான் வெளியே தெரிகிறேன். கழுத்து தெரிந்தது, மார்பு தெரிந்தது, இடுப்பும் தெரிந்துவிட்டது. அடுத்து என்னைத்தான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது அந்தப் பெண் என்ன செய்தது தெரியுமா? மாடியை விட்டிறங்கி, யானை பார்க்கப் பார்க்க வெட்டவெளியில் ஓடி, மோட்டாரைப் போட்டுவிட்டது. வயலின் அந்தக் கோடியில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு யானை மெல்ல அங்கே திரும்பிப் போயிற்று. என்னைத் தொட்டியிலிருந்து தூக்கியெடுக்கப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ரெண்டு பேர் வரவேண்டியிருந்தது.

இனி எனக்குப் புளியும் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். அமீனாவோடு ஆம்பூருக்கே வந்துவிடுகிறேன். உங்கள் செருப்புக் கடையில் ஒரு மூலை, தங்க ஒரு அறை போதும். பிள்ளைகளுக்கு என் துஆ. உங்கள் வீட்டு அக்காவுக்கு சலாம்.

இப்படிக்கு,
மஸ்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது அமுதவல்லி போன் செய்தது. "புளி உலுக்க ஆளுங்க வர மாட்டேங்கறாங்கண்ணா, யானைன்னு பயப்படறாங்க. வருசத்துக்கே எங்களுக்கு வருமானம் இதுதாங்க. நீங்க முன்னால வந்து நின்னா வருவாங்க."

"என்னைப் பார்த்தா? தொட்டியில உக்காந்து அழுதவனைப் பார்த்தாம்மா?"

"அதனாலதாங்கண்ணா. நீங்களே வந்துட்டீங்கன்னா, அப்புறம் வேற யாரு பயப்படுவாங்க?"

அறை வேண்டாம் மச்சான். புளி ஏற்ற லாரி வந்துவிட்டது, தோட்டத்துக்குக் கிளம்புகிறேன்.