குதிரையைக் கொழுக்க வைக்கும் மாமா

உலகத்தில் ஓர் இனம் உண்டு. அவர்களுக்குப் படம் வரைய வராது. அடுத்தவர் வரைந்ததைத் திருத்த மட்டும் வரும். திருத்தலார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதன்முதலில் ஒரு திருத்தலாரைப் பார்த்தது, நாரின் நகரத்துக்கு மேலே எங்கள் மலையூர்ப் பள்ளியில் ஓவிய வாத்தியாராகச் சேர்ந்த அன்று. எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்த மிடுக்கோடு கரும்பலகையில் ஓர் ஆப்பிள் போட்டேன். வாசலில் நின்ற ஒருவர், வெள்ளைக் கம்பளித் தொப்பியும் முழங்கால் பூட்ஸுமாக உள்ளே வந்து, என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டார்.

"தம்பி வாத்தியாரே, ஒண்ணுமில்ல. சும்மா ஒரு சின்னத் திருத்தம்."

ஒரே கோடு. ஆப்பிள் உருளைக்கிழங்கு ஆனது.

அவர்தான் ஷார்ஷென். எட்டாம் வகுப்பு பெர்மெத்துக்குத் தாய்மாமன். அக்கா மகளைப் பள்ளியில் விட வந்தவர், அப்படியே வகுப்புக்குள்ளும் வந்துவிட்டார். அவள் மலை போட்டால் உச்சியை உயர்த்துவார், ஆறு போட்டால் மீன் விடுவார், எதுவுமே போடாத மூலையில் ஒரு கழுகைப் பறக்கவிட்டு, "இப்பதான் படத்துக்கு உயிரே வந்துச்சு" என்பார். கேட்டார்களா? யார் கேட்டார்கள்?

அந்த வசந்தத்தில் நகரத்துக் கலைப்பள்ளியின் உதவித்தொகைத் தேர்வு எங்கள் பள்ளி முற்றத்திலேயே நடந்தது. மாவட்டத்துக்கே ஓர் இடம். கிடைத்தால் படிப்பும் விடுதியும் இலவசம். கிடைக்காவிட்டால் பெர்மெத் தன் சித்தியின் ரொட்டி அடுப்பு வேலைக்குப் போக வேண்டும். நேரில் பார்த்துக் குதிரை வரைய வேண்டும். தாளில் வேறு கை பட்டால் தாள் செல்லாது.

குதிரை யாருடையது? மாமாவுடையதுதான். குளிர்காலம் தாண்டிய குதிரை, விலா எலும்பை எண்ணலாம். பெர்மெத் எண்ணி எண்ணித்தான் வரைந்தாள். கயிற்றைப் பிடித்திருந்த மாமா எட்டிப் பார்த்தார். முகம் சிவந்தது.

"ஏண்டி, நான் புல்லே போடலைன்னு ஊரெல்லாம் சிரிக்கவா? வயித்துல மட்டும் ஒரு சின்னத் திருத்தம்!"

தொப்பிக்குள்ளிருந்து பென்சில் வெளியே வந்தது. தேர்வு நடத்த வந்த அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

பெர்மெத் தலை தூக்காமலே கையை நீட்டினாள். "மாமா, அந்தப் பென்சில் எனக்கு வேணும்."

அவ்வளவுதான். அக்கா பிள்ளை வாய்விட்டுக் கேட்டதைத் தாய்மாமன் இல்லையென்று சொல்லக்கூடாது. எங்கள் வழக்கம் அது. குதிரைக்குட்டியையே கேட்டு ஓட்டிப் போன பிள்ளைகள் உண்டு. பென்சில் கைமாறியது.

சட்டைப்பையிலிருந்து இன்னொன்று வந்தது.

"அதுவும் வேணும் மாமா."

பூட்ஸுக்குள்ளிருந்து ஒரு துண்டுப் பென்சில்.

"அதையும் குடுத்துடுங்க."

"வழிப்பறிக்காரி!" என்றார் மாமா. கொடுத்தார்.

படத்தைத் திருத்த வழியில்லை. திருத்தலார் அசந்து போவாரா? குதிரையையே திருத்தக் கிளம்பினார். ஒரு வாளித் தண்ணீர், இரண்டாவது வாளி, பிறகு ஓட்ஸ். "குடி தாயி, கொஞ்சம் உப்பிக் காட்டு!" என்று கெஞ்சினார். குதிரை குடித்தது. தும்மியது. விலா எலும்பு அசையவில்லை.

மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தோம். தாளில் எலும்புக் குதிரை வாளிக்குள் மூக்கை விட்டிருக்க, பக்கத்தில் வாய் பிளந்த ஒரு மனிதர், இல்லாத பென்சிலை விரலிடுக்கில் பிடித்தபடி நின்றார். அந்த அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இடத்தைப் பெர்மெத்துக்கு எழுதினார்.

மாமா படத்தை வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. தொப்பிதான் கொஞ்சம் சாஞ்சிருக்கு" என்று பூட்ஸுக்குள் கையை விட்டார். காலிதான்.

வாசகரே, இதைப் படிக்கும்போது எங்காவது ஒரு வார்த்தையை மாற்றலாமே என்று விரல் துறுதுறுத்ததா? எதற்கும் உங்கள் தொப்பிக்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெர்மெத் இப்போது கலைப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. மூன்று பென்சிலும் அவளிடம்தான். ஷார்ஷென் மாமா ஊரில் இருக்கிறார். குதிரை நன்றாகக் கொழுத்திருக்கிறது.