‘கீழே’ என்று எழுதியவன் நான்தான்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருக்க வேண்டும் என்றும், தங்கள் இதழ் அச்சாகும் மறுசுழற்சிக் காகிதம் முந்தைய பிறவிகளில் எதுவாக இருந்ததோ அதைவிட மேலான நிலையை இனியாவது அடைய வேண்டும் என்றும் விரும்புகிறேன். நான் தங்கள் சந்தாதாரன் அல்ல. நெறி தவறாத நிறுவனங்களுக்கென்று சுற்றுச்சூழல் செய்தியும் வடிவமைப்புக் கட்டுரையும் தாங்கி வரும் தங்கள் இதழ், எங்கள் மேல் வீட்டில் இருக்கும் என் சகலைக்கு, அதாவது என் மனைவியின் தங்கை கணவருக்கு வருகிறது. அவர் படித்து முடித்து, தன் படம் வந்த பக்கத்தின் முனையை மடித்து, எங்கள் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறார். நான் படிப்பதில்லை. கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

இந்த மாதம் கண்ணில் பட்டது பதினான்காம் பக்கம். ‘வெளியே மண், உள்ளே வனம்: ஆண்டின் சிறந்த பெட்டி’ என்று தலைப்பு. பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல் ஓர் அட்டைப்பெட்டியை ஏந்திக்கொண்டு என் சகலை நிற்கிறார். பக்கத்தில், நான் வேலை பார்க்கும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் வெட்டு இயந்திரக்காரர், பல்வலிக்காரர் சிரிப்பதுபோல் சிரித்துக்கொண்டு நிற்கிறார். வடிவமைத்தவர் அவராம். பெட்டியின் வெளியே ஒரு சொட்டு மை கிடையாது, வெறும் பழுப்பு அட்டை. திறந்தால் நான்கு சுவரிலும் காடு. ‘விளம்பரங்கள் கூச்சலிடும் காலத்தில் அழகை உள்ளே ஒளித்துவைத்த துணிவு’ என்று தங்கள் கட்டுரையாளர் உருகியிருக்கிறார். ஐயா, அது துணிவு அல்ல, பிழை. என் பிழை. இருபத்திரண்டு ஆண்டு வடிவமைப்புப் பிரிவில் இருந்து நான் செய்த ஒரே பெரிய பிழை அது. அதிலும் இன்னொருவன் பேர் வாங்கிக்கொண்டு போகிறான் என்றால் ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஒரு காலணிக் கம்பெனி, மலையேறுகிறவர்களுக்கான காலணிக்குப் பெட்டி கேட்டது. நான் காடு வரைந்தேன். நாற்பத்தொரு மரம், ஓர் ஓடை, ஓரமாக ஒரு மான். (தங்கள் கட்டுரையாளர் அதை ஆடு என்று எழுதியிருக்கிறார். போகட்டும்.) வரைபடம் வெட்டு இயந்திரத்துக்குப் போகும்போது அச்சடித்த பக்கம் மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா என்று அதில் எழுத வேண்டும். அதை வைத்துத்தான் அட்டை எந்தப் பக்கமாக மடியும் என்பது முடிவாகும். ‘மேலே’ என்று எழுதினால் படம் வெளியே வரும். ஆயிரம் முறை ‘மேலே’ என்று எழுதிய கை என்னுடையது. அன்று காலை பேனாவைத் திறக்கும்போது வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. “மேல் வீட்டைத் தங்கச்சி வீட்ல விலை பேசி முடிச்சுட்டாங்களாம். இனி அவங்க மேலே, நாம கீழே” என்றாள் என் மனைவி. ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த கையோடு, அச்சுப் பக்கம் என்ற இடத்துக்கு நேராக, திருத்தமான எழுத்தில் ‘கீழே’ என்று எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டேன்.

இயந்திரக்காரர் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். “சார், கீழேன்னு போட்டிருக்கு. சரிதானா?” என்று கேட்டார். நான் அப்போது என் சகலை எங்கிருந்து இவ்வளவு சம்பாதித்தார் என்ற யோசனையில் இருந்தேன். “எழுதினதைப் படிக்கத் தெரியாதா உனக்கு? போய் வேலையைப் பார்” என்றேன். அவர் போய் வேலையைப் பார்த்தார். மொத்தப் பெட்டியும் சட்டையை உள்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்ட மாதிரி மடிந்து வந்தது. காலணிக் கம்பெனி ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றது. முதலாளி அறிக்கை கேட்டார். எழுதினேன். ‘இந்த மடிப்புக்கு முழுக் காரணமும் இயந்திரக்காரரே, வடிவமைப்புப் பிரிவுக்கு இதில் எள்ளளவும் பங்கில்லை, ஆவன செய்யலாம்’ என்று எழுதினேன். வரைபடத்தைப் பாதுகாப்புக் கருதி வீட்டுக்கு எடுத்துவந்து பீரோவில் வைத்தேன். இயந்திரக்காரரை இயந்திரத்திலிருந்து எடுத்து, பின்கொட்டகையில் கழிவுக் காகிதம் கட்டப் போட்டார்கள். அங்கே அவர் ஏழு மாதம் இருந்தார். போட்டது முதலாளி. நான் ‘ஆவன’ என்று மட்டும்தான் எழுதினேன் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

இதற்கிடையில், தேய்ந்த டயரில் செருப்புச் செய்யும் என் சகலை மேல் வீட்டுக்குக் குடிவந்துவிட்டார். சத்தம் போட்டு நடந்தாலாவது சண்டை பிடிக்கலாம். அந்த டயர் செருப்பில் சத்தமே வருவதில்லை. ஒருநாள் கீழே வந்தவர், கம்பெனி வேண்டாம் என்ற பெட்டிகளில் என் மனைவி ஊசி நூல் போட்டுவைத்திருந்த ஒன்றைக் கையில் எடுத்துத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, “அண்ணே, இது என்னண்ணே?” என்று கேட்டார். குப்பை என்றேன். “குப்பைன்னு ஒண்ணு கிடையாதுண்ணே. நாம வைக்கிற பேருதான்” என்றார். தாங்கள் பெரிய எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கும் அந்த வாசகத்தை உலகத்தில் முதலில் கேட்டவனும், முதலில் எரிச்சலடைந்தவனும் நான்தான். மறுநாளே தொழிற்சாலைக்கு வண்டி கொண்டுவந்து, தன் செருப்புகளை வைத்து விற்க அத்தனை பெட்டியையும் அள்ளிக்கொண்டு போனார். காலணிக் கம்பெனியின் பேர் இருந்த இடத்தில் ஒரு பழைய காகிதத் துண்டை ஒட்டினார். அதற்கும் தாங்கள் ‘மறுபயன்பாட்டின் மச்சம்’ என்று பேர் வைத்திருக்கிறீர்கள்.

பெட்டியை வடிவமைத்தது யார் என்று தங்கள் அலுவலகம் கேட்டபோது, என் சகலை ‘நானே’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவரை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அவரோ நேர்மையாக எங்கள் முதலாளியைக் கேட்டார். முதலாளி கோப்பைத் திறந்து என் அறிக்கையைத் தொலைபேசியிலேயே படித்துக் காட்டியிருக்கிறார். ‘ஆவன செய்யலாம்’ என்பதை மட்டும் விட்டுவிட்டு, மீதியைத் தாங்கள் அப்படியே அச்சிட்டு, ‘தன் பிரிவுக்கு எள்ளளவும் பங்கில்லை என்று எழுத்தில் தந்த பெருந்தன்மையான மேலதிகாரி’ என்று என்னைப் புகழ்ந்திருக்கிறீர்கள். இயந்திரக்காரர் தங்கள் செய்தியாளரிடம், சார் எழுதினதைத்தான் வெட்டினேன் என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அதற்குத் தாங்கள் வைத்த பேர் ‘உழைப்பாளிக்கே உரிய தன்னடக்கம்’.

இப்போது அவர் என் அறையில், எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். முதலாளி புது நாற்காலி வாங்கிக் கொடுத்திருக்கிறார். அது சுற்றும். என்னுடையது சுற்றுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. அவர் சுற்றுவதும் இல்லை. சுற்றும் நாற்காலியில் ஒருவன் சுற்றாமல் உட்கார்ந்திருக்கிறான் என்றால், அது எதிரே இருப்பவனைக் குத்திக்காட்டத்தான் இருக்க வேண்டும். வடிவமைப்புப் படிக்கும் மாணவர்கள் கூட்டமாக வந்து, எப்படித் தோன்றியது என்று கேட்கிறார்கள். “மெஷின்கிட்ட நின்னாத் தெரியும்” என்கிறார். அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். என்னிடம் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்தால் மனைவி, “தங்கச்சி வீட்டுக்காரர் குப்பையை எடுத்துப் பேராக்கினார். நீங்க பேரை எடுத்துக் குப்பையில போட்டீங்க” என்கிறாள். அவளுக்கு முழு விவரமும் தெரியாது. தெரியாமலே இப்படிப் பேசுகிறவள் தெரிந்தால் எப்படிப் பேசுவாள் என்பதைத் தங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

ஆகவே, அந்தப் பெட்டியை வடிவமைத்தவன் நான் என்று அடுத்த இதழில், அதே பதினான்காம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். சான்றாக என் கையெழுத்துடன் ‘கீழே’ என்று எழுதிய அசல் வரைபடத்தை இணைத்திருக்கிறேன். இது வெளியே வந்தால் என் அறிக்கை பொய் என்பதும் கூடவே வெளியே வரும் என்று அறியாதவனல்ல. வேலை போகலாம். ஒரு வாரம் யோசித்துவிட்டேன். போனால் போகட்டும், பேர் வர வேண்டும். பிழை என்றாலும் அது என் பிழை. எனக்குத் தெரியாமல் அதற்கு மாலை போட யாருக்கும் உரிமை இல்லை.

தங்கள் அலுவலகத்தில் காகிதச் செலவும் கரியமில வாயுவும் குறைந்து, சந்தாவும் ஆயுளும் பெருக வாழ்த்தி முடிக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள (இந்தக் கடிதம் முதல்),
முதன்மை வடிவமைப்பாளர்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது இயந்திரக்காரர் வீட்டுக்கு வந்தார். “வாங்க, உங்களைப் பத்தித்தான் காலையிலேருந்து எழுதிட்டிருக்கார்” என்று என் மனைவி வரவேற்று, தேநீர் கொடுத்தாள். தாங்கள் பேட்டிக்காக அனுப்பிய எட்டுக் கேள்விகளை அவர் கொண்டுவந்திருந்தார். எழுத வராது, நீங்கள் எழுதிக்கொடுங்கள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மேசைமேல் இருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டார். எடுத்தார். நிதானமாகப் படித்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “அன்னைக்கு இதைத்தான் சார் ரெண்டு நாள் தேடினேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். “எனக்கு அந்த நாற்காலி வேண்டாம் சார், மெஷின் வேணும். அதை அச்சுல போட்டுட்டா முதலாளியால மாட்டேன்னு சொல்ல முடியாது. நல்ல வார்த்தையாப் போட்டு எழுதுங்க” என்றார். பிறகு பைமேல் கையை வைத்துக்கொண்டு, “இது என்கிட்டயே இருக்கட்டும்” என்றார்.

ஆதலால் மேலே கண்ட கடிதத்தைக் கிழித்துத் தங்கள் கொள்கைப்படி மறுசுழற்சிக்கு அனுப்பிவிடவும். இணைப்பு எதுவும் இல்லை. வடிவமைத்தவர் அவரே. எட்டுப் பதில்களும் அவர் பேரில் வரும். மூன்றாவது மிக நன்றாக வந்திருக்கிறது, அதில் கை வைக்க வேண்டாம். இயந்திரத்தைக் கேட்கும் எட்டாவதைப் படித்து முதலாளி அழுதாலும் வியப்பதற்கில்லை. ‘இந்த வடிவமைப்பில் தங்கள் மேலதிகாரியின் பங்கு என்ன?’ என்ற ஏழாவது கேள்விக்கு மட்டும் நான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, குறுக்கே ஒரு கோடு போட்டு, என் பேனாவையே வாங்கித் தன் கையால் ஒரு வரி எழுதினார்: ‘கேள்வி கேட்டால் கோபப்படுவார்.’ பக்கத்தில் இடம் போதாவிட்டால் எதையும் வெட்டும் உரிமை ஆசிரியருக்கு உண்டு என்பதைத் தங்களுக்குப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.