இருநூற்று நாற்பது உரல்களின் பெரும்போர்

கடலும் கரையோர ரயிலும் மாறி மாறி இரைய, உப்புக்காற்று ஜன்னற் கம்பிகளை ஓயாது தின்றுகொண்டிருக்கும் வெள்ளவத்தைத் திருநகரிலே, மின்தூக்கி பழுதாகி எட்டுத் திங்களான தொடர்மாடியின் மூன்றாம் தளத்தே, சாரத்தை மடித்துக் கட்டிக் கைபேசியை வாளென ஏந்தி வீற்றிருந்த வேந்தனை முதற்கண் வணங்குவோம். ஒரு பெட்டியையும் விற்றறியா வணிகர் திலகம், தான் திறந்தே பாராத பொருளைத் திசையெட்டும் புகழ்ந்த செம்மல், பகலெல்லாம் காப்புறுதிக் கம்பனியொன்றில் எழுதுவினைஞனாகவும் மாலை ஆறு மணிக்குப் பின் சக்கரவர்த்தியாகவும் விளங்கிய கிருபாகரன் என்னும் கோமான் வாழ்க! அவன் கொற்றம் வாழ்க! அவன் கைபேசியின் பற்றரியும் நீடு வாழ்க! இவனைப் பாட நேர்ந்த நாவுக்கும் கேட்பவர் சற்று இரங்கவேண்டும். பாட்டுடைத் தலைவன் இப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொண்டேதான் அது பாடத் துணிந்திருக்கிறது.

அவன் அரும்பொருள் யாதெனில், இடியப்ப உரல். திருகுபிடி பூட்டிய சில்வர் உரல்; ஒன்றா இரண்டா, இருநூற்று நாற்பது! புறக்கோட்டை மொத்த வியாபாரி அலவி ஹாஜியார், இருபதை எடுத்துப் பாருங்கள், விற்றால் பிறகு வாருங்கள் என்று பெற்ற பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். இருபது என்ற சொல்லே தன் குலத்துக்கு இழுக்கென்று வெகுண்ட நம் கோமான், சீனத்திலிருந்து கப்பலேறி வந்ததில் பாதியைத் தன்னதாக்கிக்கொண்டு மீண்டான். அவற்றை மூன்று மாடியும் சுமந்தேறிய கூலியாட்கள் இருவர் படிக்கட்டில் உரைத்த சொற்களை இக்காவியம் தாங்காது.

பெட்டிகள் ஏறி அமர்ந்த அறையோ அவன் மனைவி சுபாஷினியின் அறை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அவள் வணிகக் கல்வி ரியூஷன் நடத்திவந்தது அங்கேதான். வணிகம் கற்பித்தவளின் அறையை வணிகமே விழுங்கி ஏப்பமிட்டது. தைப்பொங்கல் கழிந்து புது வகுப்புக்குப் பதினொரு பிள்ளைகள் பெயர் கொடுத்திருந்தார்கள். அறை இல்லையென்றால் அந்தப் பதினொன்றும் பம்பலப்பிட்டியில் இருநூறு பேரை ஒரே மண்டபத்தில் அடைத்துப் படிப்பிக்கும் நிலையத்துக்குப் போய்விடும். அந்த வீட்டில் சுபாஷினிக்கென்று இருந்தது அந்த அறையும் அந்தப் பதினொரு பெயரும்தான். பொங்கலுக்கு முதல் அறை தனக்கு வேண்டுமென்று ஒரேயொரு தரம் சொல்லிவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டாள். அவன்தான் மூடவில்லை.

"சுபா, மார்கழி முடியேக்குள்ள இஞ்ச ஒரு பெட்டி கிடந்தா நீ என்னை என்னெண்டு கேள்," என்று மின்விசிறி அதிரச் சூளுரைத்தான் கோமான்.

அவள் கேட்க நினைத்தது வேறு. பெட்டியொன்றைத் திறந்து, அந்த உரலில் ஒரு நாளைக்கேனும் இடியப்பம் பிழிந்தால் என்ன என்று கையை நீட்டினாள். திறந்த பெட்டி விலைபோகாது என்று அரசாணை பிறந்தது. ஆகவே உரல்கள் உத்தரம் முட்ட அடுக்கிக் கிடந்த அந்த வீட்டுக்கு, மாலை தோறும் இடியப்பம் பெருந்தெருவாகிய காலி வீதிச் சாப்பாட்டுக் கடையிலிருந்தே வந்தது. அதையும் சொதியை ஊற்றி ருசித்து உண்டபடியேதான் அவன் உலகை வெல்லத் திட்டமிட்டான்.

போர்க்களம் எது? மண்ணில் இல்லாத, கண்ணாடித் திரையில் மட்டும் விரிந்து கிடக்கும் இணையச் சந்தை. அங்கே இடியப்ப உரல் என்று தேடுவோர்க்கு நம் கோமானின் உரல் பதினோராம் பக்கத்தில், கால் உடைந்த மின்விசிறிக்கும் நாய்க் கழுத்துப்பட்டிக்கும் நடுவே காட்சி கொடுத்தது. அவன் இட்டிருந்த படமும் லேசுப்பட்டதல்ல: மூடிய பெட்டி. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. முதற் பக்கத்தின் முதலிடத்திலோ கொட்டாஞ்சேனை ஹெக்டர் என்பவனின் உரல் துலங்கியது. அதே அலவி ஹாஜியாரின் அதே உரல். ஆனால் படத்தில் ஆவி பறக்கும் இடியப்பம், பக்கத்தில் தேங்காய்ச் சம்பல், கீழே வாங்கியவர் அறுபத்து மூவர் எழுதிய நல்வார்த்தை. அறுபத்து மூவரையும் ஹெக்டர் விலைக்கு வாங்கிவிட்டான் என்று ஒரே பார்வையில் தீர்ப்பளித்தான் கோமான்.

அந்நேரம் திரையின் ஓரத்தே ஒரு பொத்தான் ஒளிர்ந்தது. காசு கட்டினால் உமது பொருளை முதற் பக்கத்தில் ஏற்றுவோம் என்று சந்தைக்காரன் வரமளிக்க வந்து நின்றான். அந்த வரத்துக்குப் பதினான்கு பக்க நிபந்தனை இருந்தது. வாசித்தேன் என்ற கட்டத்தில் வாசியாமலே சரி போட்டான் வீரன். ஒன்பதாம் பக்கத்தில் கிடந்த ஒற்றை வரி, விளம்பரத்தை யார் விரலால் அமத்தினாலும் அமத்தலொன்றுக்கு முப்பத்தைந்து ரூபாய் வெட்டுவோம், நாட்பணம் தீர்ந்ததும் விளம்பரத்தை மறுநாள்வரை மறைப்போம் என்பது, வாசிக்க ஆளின்றி அங்கேயே கிடந்தது. எவ்விடத்தார்க்குக் காட்டுவது என்று கேட்டது திரை. கொழும்பா, மேல் மாகாணமா, இலங்கை முழுதுமா, உலகம் முழுதுமா? தெஹிவளைக்கு அப்பால் ஒரு பெட்டியையும் கொண்டுபோய்க் கொடுக்க வழியில்லாதவன், உலகம் முழுதும் என்பதைத் தொட்டான். நாளொன்றுக்கு ஐயாயிரம், பத்து நாட்போர். காசு எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? வகுப்புப் பிள்ளைகள் அமர வாங்கிலும் வெண்பலகையும் வாங்கவென்று சுபாஷினி சேர்த்து வைத்திருந்தது. வெட்கம் என்ற ஒன்று அவன் படையணியில் அன்று விடுமுறையில் இருந்தது.

படை திரட்டாத மன்னன் உண்டோ! நம் கோமானின் படை அவன் குடும்பக் குழு. ஒரே கைபேசிக் குழுவில் கூடிய நூற்று நாற்பத்தொரு உறவினர்; வெள்ளவத்தையில் கொஞ்சம், ஸ்காபரோவில் நிறைய, லண்டன் ஹரோவிலும் ஒஸ்லோவிலும் மிச்சம். அந்தக் குலத்தின் தருமம் ஒன்றே. குழுவில் எது வந்தாலும், பிறந்தநாளோ மரண அறிவித்தலோ புதுக் காரோ, எல்லாரும் கட்டைவிரலை அமத்தியாகவேண்டும். அமத்தாதவர் பெயர் மனத்தில் குறித்துக்கொள்ளப்படும். அவர் வீட்டுக் கலியாணத்துக்கு ஆள் குறையும். அத்தகைய அசைக்கவொண்ணா அன்புப் படைக்கு முன்னே நின்று கோமான் குரற்பதிவில் முழங்கினான்:

"அன்பான சொந்தங்களே, என்ர விளம்பரம் மேல வந்திட்டுது. ஒவ்வொரு நாளும் மறக்காம ஒருக்கா அமத்திவிடுங்கோ. அமத்த அமத்த இன்னும் மேல போகும்."

ஆகா, எழுந்தது சேனை! நள்ளிரவு கடந்து புது நாட்பணம் ஏறியதும் வெள்ளவத்தை அமத்திவிட்டுப் படுத்தது. அது உறங்கும் பொழுதில் ஒஸ்லோ இரவுச் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி அமத்தியது. ஹரோ வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றுமுன் அமத்தியது. ஸ்காபரோவில் கனடாப் பெரியம்மா மதியச் சாப்பாட்டுக்கு மாத்திரை போட்ட கையோடு, தன் பெயரால் ஒன்றும் காலஞ்சென்ற கணவரின் பழைய போனால் இன்னொன்றுமாக அமத்தினாள். கொழும்புப் பெண்கள் எழுந்து அடுப்படி விளக்கைப் போடுமுன்னமே அன்றைய ஐயாயிரமும் அன்பினால் கரைந்தொழிய, விளம்பரம் தன் கடமை முடிந்ததென்று பதினோராம் பக்கத்துக்குத் திரும்பிப் போனது. உரல் வாங்கக் கூடிய ஒரு மனிதப் பிறவியின் கண்ணிலும் அது படவில்லை.

காலையில் திரையைத் திறந்த கோமான் கண்டது: அமத்தல் நூற்று நாற்பத்திரண்டு. கட்டளை வந்த பொருள் பூச்சியம். முதலாவது எண்ணை மட்டும் உரக்க வாசித்தான். இரண்டாம் நாளும் அதுவே, மூன்றாம் நாளும் அதுவே. சனம் பார்த்துப் பார்த்து யோசிக்கிறது, ஒரேயடியாக வந்து விழும் என்று சுபாஷினிக்கு நற்செய்தி கூறினான். அவள் பழைய வினாத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் காசு கரையும் வேகம் கண்டு, அந்த ஒன்பதாம் பக்கத்து வரியை முதன்முறையாக வாசித்தான். வாசித்தவனுக்கு உண்மை விளங்கியிருக்குமென்று எண்ணுகிறீர்களா? நீங்கள் இன்னும் இவனை அறியவில்லை. சொந்தம் அமத்துவது பாசத்தில். பாசத்துக்கு எவனாவது காசு வெட்டுவானா? ஆகவே காசை வெட்டுவித்த விரல் பகைவனின் விரல். கொட்டாஞ்சேனையில் குந்தியிருந்து இராப்பகலாக அமத்தி என்னை அழிக்கிறான் ஹெக்டர்! இவ்வாறு ஐயந்திரிபறத் தெளிந்த கோமான், கந்தோரில் வயிற்றுவலியென்று அரைநாள் லீவு எழுதிக் கொடுத்து, பேருந்தின் பின்படியில் தொங்கியபடி சந்தைப் பக்கத்தில் ஹெக்டர் இட்டிருந்த விலாசம் தேடி வடதிசை நோக்கிப் படையெடுத்தான்.

அன்று செவ்வாய்க்கிழமை. கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு ஊரே திரண்டிருந்தது. கோயிலால் திரும்பும் சனம் போகும் ஒழுங்கையின் வாசலில், ஹெக்டரின் மச்சான் நடத்தும் பலசரக்குக் கடையோரம் ஒரு சிறு மேசை. அதன் பின்னே ஹெக்டர். பக்கத்தில் அவன் மனைவி கொன்ஸ்ரன்ஸ், மாவைக் குழைத்துக் குழைத்து உரலில் இட்டுக்கொண்டிருந்தாள். வந்த பெண்களெல்லாம் திருகுபிடியைத் தாங்களே சுற்றிப் பார்த்தார்கள், இடியப்பத்தில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். கோமான் கண்ணெதிரே ஐந்து போயிற்று.

குற்றப்பத்திரிகை வாசித்தான் கோமான். ஹெக்டர் மாக்கையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டான். தான் விளம்பரமே போடுவதில்லை என்றும், சந்தையில் படத்தை ஏற்றியதும் மகள்தான் என்றும், இருபது இருபதாக எடுத்து விற்பதாகவும், இப்போது ஹாஜியாரிடம் சரக்கு முடிந்துவிட்டதே கவலையென்றும் சொன்னான். பிறகு, பாவம் பார்த்தே கேட்டான்:

"அண்ணே, ஒங்கட உரல்ல நீங்க ஒரு நாளாவது புழிஞ்சு பாத்தீங்களா?"

பதினாயிரம் அம்பு பட்டும் தளராத மார்பு என்று பாட எனக்கும் ஆசைதான். பட்டது ஒன்று, அதற்கே அவன் குற்றப்பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டான். கொன்ஸ்ரன்ஸ் ஒரு தட்டில் இரண்டு இடியப்பமும் சம்பலும் வைத்து நீட்டினாள். தின்றான். நன்றாகத்தான் இருந்தது என்பது அவனை இன்னும் வருத்தியது.

வீடு மீண்டவன் பகைவனின் வஞ்சகத்தை வேறு விதமாய் விரிக்கத் தொடங்க, சுபாஷினி கையை நீட்டி முதன்முறையாக அவன் கைபேசியை வாங்கினாள். அமத்தியவர் எந்த ஊர், எத்தனை மணி என்ற பட்டியல் இரண்டே தொடுகையில் விரிந்தது. எட்டு நாளாக அது அங்கேயேதான் இருந்தது.

"இஞ்சருங்கோ, கொட்டாஞ்சேனையில இருந்து ஒருத்தரும் அமத்தேல்லை. இண்டைக்கு மட்டும் ஸ்காபரோ எழுபது. ஹரோ முப்பத்தொண்டு. ஒஸ்லோ இருபது. மிச்சம் இந்த ரெண்டு ஒழுங்கைக்குள்ள. இது முழுக்க உங்கட ஆக்கள்," என்றாள். "என்ர வாங்கில் காசு," என்றும் சொன்னாள். குரல் உயரவில்லை, கண் மட்டும் நிறைந்துவிட்டது.

அவன் உடனே குழுவில் போர்நிறுத்தம் அறிவித்தான்: தயவுசெய்து ஒருவரும் இனி அமத்த வேண்டாம். நூற்று நாற்பத்தொரு பேரும் திகைத்தார்கள். ஏன் வேண்டாம் என்கிறான்? விளம்பரத்துக்கு என்ன நடந்தது? பார்க்கவேண்டாமா? நள்ளிரவு கழிந்து விளம்பரம் மீண்டதும், ஒவ்வொருவரும் போய் ஒருக்கா அமத்திப் பார்த்தார்கள். நாங்கள் அமத்தினது பிழையோ ராசா என்று கேட்டு, பதில் வருமுன் இரண்டு போனாலும் மறுபடி அமத்திப் பார்த்தாள் கனடாப் பெரியம்மா. ஒன்பதாம் நாட்பணம் உதயத்துக்கு முன் மாண்டது. கோமான் நிறுத்தும் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்க, சுபாஷினி கைபேசியை எடுத்து விளம்பரத்தை நிறுத்தினாள். எடுத்த கையோடு ஹெக்டரின் இலக்கத்தையும் தேடி அழைத்தாள்.

உரல்களையெல்லாம் வாங்கிய விலைக்கே தருவதாகவும், விற்க விற்கக் காசு தந்தால் போதுமென்றும் ஐந்து நிமிடத்தில் பேசி முடித்தாள். கூடவே அவனது அறுபத்து மூன்று நல்வார்த்தைகளையும் வகுப்பில் காட்ட அனுமதி கேட்டாள். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னர் லொறி வந்து கீழே நின்றது. வந்த வழியே, மூன்று மாடியும், இருநூற்று நாற்பது பெட்டியையும் இறக்கியவன் இம்முறை கூலியாளல்லன், நம் கோமானே. அந்தப் படிக்கட்டில் அவன் உரைத்த சொற்களையும் இக்காவியம் தாங்காது. எண்ணிப் பார்த்து ஏற்றிய ஹெக்டர், வீட்டுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்றான். கணக்கு முழுதாக இருக்கட்டும் என்று கடைசி வீரத்தையும் காட்டி அதையும் லொறியில் ஏற்றினான் மாவீரன்.

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு, வாங்கில் இல்லாத அறையில், வெண்பலகைக்குப் பதிலாகச் சுவரில் ஒட்டிய பழைய நாட்காட்டிப் பின்பக்கங்களின் முன்னே, பாயில் பதினொரு பிள்ளைகள் நெருங்கி அமர்ந்தார்கள். சுபாஷினி கதவைச் சாத்துமுன் பிள்ளைகளை ஒருமுறை எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள், அவள் முகத்தில் இரண்டு மாதமாய்க் காணாத வெளிச்சம். திசையெட்டும் விளம்பரம் ஏவிய திண்டோளன், நூற்று நாற்பத்தொரு விரல்களின் தனிப்பெருந் தலைவன், உரல்கோடி கொண்டும் உரலொன்றும் இல்லாத உத்தமன், வாசலில் சிதறிக் கிடந்த பதினொரு சோடிச் செருப்பையும் காலால் ஒதுக்கி வழிசெய்தபடி கதவருகே நிற்க, உள்ளிருந்து, வகுப்பு முடிய ஆறு மணியாகும், சமைக்க நேரமில்லை என்று ஆணை பிறந்தது.

கிருபாகரன் கடைக்குப் போய் இருபது இடியப்பமும் ஒரு சொதியும் வாங்கிக்கொண்டு வந்தான்.